மூன்று வயதுக்குக் கீழ் மாண்டிசோரி: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில், ஒன்றேகால் வயது முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்காக ஒரு சின்ன மாண்டிசோரி அறையைப் பதினோரு வருடமாக நடத்திவருகிறேன். மாசி, பங்குனி வந்தால் சேர்க்கை விசாரிக்கப் பெற்றோர் வருவார்கள். கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகள்தான். எங்களிடம் இருப்பது 12 இடம். இடம் கிடைக்காதவர்களுக்குப் பதிலாவது கிடைக்கட்டும் என்று இதை எழுதிவைத்தேன். மாண்டிசோரி அம்மையார் சொன்னது எது, என் சொந்த அபிப்பிராயம் எது என்று முடிந்தவரை பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

மாண்டிசோரி என்பது ஒரு பள்ளியின் பெயரா?

இல்லை, மரியா மாண்டிசோரி (1870–1952) என்ற இத்தாலிய மருத்துவரின் பெயர். அவர் வகுத்த குழந்தைக் கல்வி முறைக்கும் அதுவே பெயராகிவிட்டது. முதலில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் வேலை பார்த்தார். இதார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் அத்தகைய பிள்ளைகளுக்காக உருவாக்கியிருந்த பயிற்சிகளை எடுத்து விரித்தார். பிறகு 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற கூலித் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கினார். தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபின் படிக்கட்டுகளில் சுற்றிக்கொண்டு சுவரைக் கிறுக்கிய பிள்ளைகளை ஒரு அறையில் உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் கட்டட முதலாளிகளின் கவலை. அங்கே அவர் பார்த்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும்: அறையில் நல்ல பொம்மைகளும் இருந்தன, பிள்ளைகள் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. கை கழுவுவது, துடைப்பது, பொருளை எடுத்த இடத்தில் வைப்பது, இவற்றைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள்.

ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது இன்று நம் ஊரில் கார் வைத்திருப்பவர்களின் பள்ளியாகிவிட்டது. அது வேறு கதை, கட்டணக் கேள்வியில் வருகிறேன்.

இது வெளிநாட்டு முறைதானே? நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா?

நம் ஊருக்கும் இதற்கும் உள்ள உறவு பலர் நினைப்பதைவிடப் பழையது. பிரம்மஞான சபைத் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்து, 1939 இறுதியில் மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்தார். சில மாதங்கள் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஒரே நாளில் அவர் எதிரி நாட்டுக் குடிமகள் ஆனார். மகன் மாரியோவைப் பிரிட்டிஷ் அரசு அகமதுநகர் முகாமில் அடைத்தது. அம்மையாரின் 70-ஆவது பிறந்தநாளை ஒட்டி அவரை விடுதலை செய்தது. போர் முடியும்வரை ஊர் திரும்ப வழியில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். 1946-இல் ஐரோப்பா போனவர் 1947-இல் மறுபடி வந்து 1949 வரை இருந்தார். மூன்று வயதுக்குள் பிள்ளையின் மனம் சுற்றியிருப்பதை எப்படி உறிஞ்சிக்கொள்கிறது என்று அவர் விரிவாகப் பேசிய புத்தகம், அகமதாபாத் சொற்பொழிவுகளிலிருந்து தொகுக்கப்பட்டு 1949-இல் அடையாற்றில்தான் அச்சானது.

ஆகவே கைக்குழந்தைகளைப் பற்றிய அவருடைய சிந்தனை முதிர்ந்த காலத்தில் அவர் கண்முன் நடமாடியவர்கள் நம் ஊர்த் தாய்மார்கள். இடுப்பில் பிள்ளையோடு சந்தைக்கும் கோயிலுக்கும் போகிற அம்மாவைப் பார்த்து, அந்தப் பிள்ளை உலகத்தைப் பார்த்துக்கொண்டே வளர்கிறது என்று அவர் வியந்திருக்கிறார்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

தடுமாறாமல் நடக்கத் தொடங்கியபின். பெரும்பாலும் 14 முதல் 16 மாதம். கை விடுபட்ட பிறகுதான் பிள்ளை வேலை தேடும். மூன்று வயதை ஒட்டி அடுத்த பிரிவுக்கு, அதாவது ஆறு வயது வரையிலான கலப்பு வகுப்புக்குப் போவார்கள். இரண்டையும் ஒரே அறையில் போட்டு ‘எங்களிடம் எல்லா வயதும் உண்டு’ என்று சொன்னால் யோசியுங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை பெரியவர்கள் அடுக்கியதைத் தள்ளிவிடும், பெரியவர்கள் அதைத் திட்டுவார்கள், அதோடு நாள் முடிந்துவிடும்.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்து, வீடும் ஓரளவு இடம் கொடுத்தால் மூன்று வயதுவரை எங்கும் சேர்க்கத் தேவையில்லை. இதைச் சொல்லித்தான் வருடத்துக்கு நாலைந்து பேரைத் திருப்பி அனுப்புகிறேன்.

காலையிலிருந்து மதியம்வரை என்னதான் செய்வார்கள்?

வந்ததும் செருப்பைக் கழற்றி வைப்பதே ஒரு வேலை. சிலருக்குப் பத்து நிமிடம் ஆகும், நாங்கள் நின்று பார்ப்போம். பிறகு தாழ்வான அலமாரியில் தட்டுத்தட்டாக வைத்திருப்பதில் பிடித்ததை எடுப்பார்கள். ஒரு தட்டில் மர உண்டியலும் பெரிய வட்டுகளும். ஒன்றில் குச்சியில் கோக்க வளையங்கள். ஒன்றில் சின்னக் குவளையும் இரண்டு டம்ளரும். கூடை ஒன்றில் நிஜமான கத்தரிக்காய், வெண்டைக்காய், எலுமிச்சை: பெயர் சொல்லிப் பழக. மழுங்கிய கத்தியால் வாழைப்பழம் நறுக்கி ஆளுக்கொரு துண்டு கொடுப்பது, செடி இலைகளை ஈரத்துணியால் துடைப்பது, கைக்குட்டையைத் துவைத்துப் பிழிவது, தட்டு வைப்பது, சிந்தியதைப் பெருக்குவது. இடையில் பாட்டு, மண், தண்ணீர்.

ஒரு வேலையைக் காட்டிக்கொடுக்கும்போது நாங்கள் பேசமாட்டோம். பேசினால் பிள்ளை நம் வாயைப் பார்க்கும், கையைப் பார்க்காது. பயிற்சியில் எனக்கு மிகவும் சிரமமாக இருந்த பாடம் இதுதான். பேசாமல் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் காட்டிப் பாருங்கள், தெரியும்.

ஒன்றரை வயதில் இன்னொன்றும் உண்டு. இருப்பதிலேயே கனமான பொருளைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆசை வரும். அதைக் குறும்பு என்று எண்ணி வாங்கி வைத்துவிடுகிறோம். மளிகைப் பையிலிருந்து ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து ‘இதை அடுப்படியில வச்சிட்டு வா’ என்று சொல்லிப் பாருங்கள். மூன்று நடை போய் வந்தபின் அந்தப் பிள்ளையின் முகத்தில் வரும் அமைதியை எந்தப் பொம்மையும் கொடுக்காது.

ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதே, சண்டை வராதா?

வரும். வேண்டுமென்றேதான் ஒன்று வைக்கிறோம். ஒருத்தி எடுத்திருந்தால் அவள் அலமாரியில் திருப்பி வைக்கும்வரை அது அவளுடையது. மற்றவன் பக்கத்தில் நின்று பார்க்கலாம், வேறு எடுக்கலாம். ‘பாப்பாவுக்குக் குடுத்துடு, நீ நல்ல பிள்ளைல்ல’ என்று பிடுங்கிக் கொடுப்பதில்லை. இரண்டு வயதில் பகிர்தல் மனத்திலிருந்து வராது. பிடுங்கிக் கொடுத்தால் பிள்ளை கற்றுக்கொள்வது, பெரியவர்கள் பிடுங்கலாம் என்பதைத்தான்.

விருந்தாளி வீட்டுப் பிள்ளை வரும்போது இந்த விதி தாய்மார்களைச் சங்கடப்படுத்தும், தெரியும். விருந்தாளி வரும் முன்பே உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு, ‘கொடுக்க மனசில்லாத ரெண்டு சாமானை எடுத்து உள்ளே வச்சிடலாமா?’ என்று கேளுங்கள். மிச்சத்தை வைத்து விளையாடட்டும்.

வீட்டுக்கு என்ன மாண்டிசோரி பொம்மை வாங்க வேண்டும்?

பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம். இணையக் கடையில் அந்தப் பெயர் ஒட்டி வருவதில் பாதி, வெறும் மர பொம்மை. ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர்வரை பத்துக் கட்டைகள் கொண்ட இளஞ்சிவப்புக் கோபுரத்தை இரண்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிவிட்டு ‘தூக்கி எறியுதே’ என்று வருந்துவார்கள். அது மூன்று வயதுக்கு மேலே உள்ள பொருள்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். மேலைநாட்டு மாண்டிசோரி வீடுகளில் கம்பி வைத்த தொட்டில்கட்டிலைத் தூக்கிவிட்டுத் தரையோடு ஒட்டிய மெத்தை போடச் சொல்கிறார்கள், பிள்ளை தானே எழுந்து வரட்டும் என்று. நமக்கு அது பாய். தள்ளிக்கொண்டு நடக்கும் வண்டி என்று பெரிய விலைக்கு விற்பது நம் நடைவண்டி. (உள்ளே உட்காரவைத்து உருளும் பிளாஸ்டிக் ‘வாக்கர்’ வேறு, அது நடையைக் கற்பிப்பதில்லை, விபத்துதான் அதிகம். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை.) தாழ்ந்த மேசைக்கு ஒரு மணை. அளந்து கொட்ட உழக்கு, ஆழாக்கு. புடைக்க ஒரு சின்ன முறம். ஒருவர் உட்கார்ந்து கீரை ஆயும்போது எதிரே இரண்டு தண்டு.

சொப்புச் சாமான் நல்லதா என்று கேட்பார்கள். அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு பார்க்கவே அழகு, எனக்கும் ஆசைதான். ஆனால் அதில் வாய்க்குள் போகும் அளவு சின்னத் துண்டுகள் உண்டு. மூன்று வயதுவரை அவற்றை எடுத்துவிடுங்கள். மேலும், விளையாட்டு அடுப்பில் பொய்யாகச் சமைப்பதைவிட நிஜப் பூண்டை உரிப்பதற்கு ஒன்றரை வயதுப் பிள்ளை ஓடிவரும்.

ஆபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழு நிலக்கடலை, முழு திராட்சை, பச்சைக் கடலை, காசு, பொத்தான் பேட்டரி எதுவும் இந்த வயதில் கைக்கெட்டக் கூடாது. பட்டாணி உரிக்க விட்டால் கூடவே உட்கார்ந்திருங்கள். தண்ணீர் வாளியை நிரப்பி வைத்துவிட்டு அரை நிமிடம்கூட நகரக் கூடாது. அரிவாள்மணை உயரத்தில் இருக்கட்டும். பிள்ளையைச் சுதந்திரமாக விடுவதற்கு முதல் வேலையே இந்தச் சுற்றுவேலைதான். வீட்டைச் சரிசெய்யாமல் விட்டால் நாள் முழுக்க ‘தொடாதே, தொடாதே’ என்று கத்திக்கொண்டிருப்போம்.

பாட்டி எல்லாவற்றையும் அவரே செய்துவிடுகிறார். எப்படிச் சொல்வது?

சொல்லாதீர்கள். ‘அத்தை, நீங்க பண்றது தப்பு, மாண்டிசோரில இப்படிச் சொல்லல’ என்று மருமகள் ஆரம்பித்து நன்றாக முடிந்த வீடு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. பாட்டிக்கு அவசரம் கிடையாது. பிள்ளைக்குத் தேவையானதும் அதுதான். பூத்தொடுக்கும்போது பூவை எடுத்துக் கொடுக்கும் வேலை, சாமி விளக்குக்குத் திரி எண்ணி வைக்கும் வேலை, வெற்றிலை துடைக்கும் வேலை, இவற்றைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லிப் பாட்டியிடமே கேளுங்கள். பள்ளிப் பயிற்சி பெற்ற உதவியாளர்களைவிட நன்றாகக் காட்டிக்கொடுக்கும் பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். சட்டை போட்டுவிடுவதும் ஊட்டிவிடுவதும் மெல்ல மெல்லத்தான் குறையும்.

சாப்பாட்டை ஊட்டலாமா, தானே சாப்பிட விடலாமா?

தானே. முக்கால்வாசி சிந்தும், அதற்காகவே அடியில் ஒரு பழைய துணி. ஐரோப்பியப் பயிற்சிப் புத்தகங்களில் முள்கரண்டி, கரண்டி என்று இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பது என் கருத்து. சோற்றைப் பிசைந்து, விரல்களால் கூட்டி, கட்டைவிரலால் உள்ளே தள்ளுவது நுட்பமான கைவேலை. இட்லியைப் பிய்த்து எடுக்கத் தொடங்கிய பிள்ளை, பிற்பாடு பென்சிலைப் பிடிக்கும் அதே மூன்று விரல்களைத்தான் பழக்குகிறது. இடக்கையை நீட்டினால் தட்டிவிடாதீர்கள். எந்தக் கை முந்தும் என்பது இந்த வயதில் இன்னும் முடிவாகியிருக்காது.

மொட்டைமாடியில் நிலாவைக் காட்டி, காக்காவைக் காட்டி, பிறகு செல்போனைக் காட்டி ஊட்டுவதில் ஒரு ஒழுங்கான இறக்கம் இருக்கிறது. மூன்றிலும் பிள்ளையின் கவனம் சோற்றில் இல்லை. வயிறு நிறைந்தது தெரியாமலே வாய் திறக்கிறது. நிலாவைச் சாப்பிட்ட பிறகு காட்டுங்கள்.

டயப்பரை எப்போது நிறுத்துவது?

பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு, பகலில் ஜட்டிக்கு மாற்றிவிடலாம். டயப்பரில் ஈரமே தெரியாது. தெரியாததைப் பிள்ளை எப்படிச் சொல்லும்? எங்கள் அறையில் எல்லாரும் பருத்தி ஜட்டிதான். ஆளுக்கு ஏழெட்டு ஜட்டி பையில் வரும். நனைந்தால் ‘ஈரமாயிடுச்சு, மாத்தலாம் வா’ அவ்வளவுதான். ‘சீ, அசிங்கம்’ என்ற சொல்லை உதவியாளர்களுக்கு நான் தடையே போட்டிருக்கிறேன். இடுப்பில் எலாஸ்டிக் உள்ள கால்சட்டை வாங்குங்கள், பொத்தானும் கொக்கியும் பிள்ளையின் எதிரி. ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குள் பெரும்பாலானவர்கள் பகலில் சொல்லத் தொடங்குவார்கள். இரவு தானாக வரும், அவசரப்படுத்தாதீர்கள்.

காரணமே இல்லாமல் அடம்பிடிக்கிறான். சுதந்திரம் கொடுத்ததால்தானா?

காரணம் இருக்கும், நம் கண்ணுக்குப் படாது. ஒன்றரை, இரண்டு வயதில் பிள்ளைக்கு ஒழுங்கின் மீது வெறியே இருக்கும். மாண்டிசோரி ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார்: விருந்தாளி தன் குடையை மேசைமேல் வைத்தார், குழந்தை வீறிட்டது, பசி என்றார்கள், வயிற்றுவலி என்றார்கள், தாய் குடையை எடுத்து அப்பால் வைத்ததும் அழுகை நின்றது. குடை இருக்க வேண்டிய இடம் மேசை இல்லை என்று குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் ஒரு பையன், தாத்தா நாற்காலியில் அப்பா உட்கார்ந்ததற்காக ஒரு மணிநேரம் அழுதானாம். அம்மா அடுத்த நாள் என்னிடம் வந்து ‘இவனுக்கு என்ன பிரச்சனை?’ என்றார். பிரச்சனை அப்பாவிடம்தான்!

சுதந்திரம் என்றால் எல்லாவற்றுக்கும் சரி என்பதில்லை. அடிப்பது, பொருளை உடைப்பது, அடுப்புப் பக்கம் போவது, இவற்றுக்கு ‘இல்லை’ உறுதியான இல்லைதான். கையைப் பிடித்து நிறுத்துவோம், விளக்கம் சொல்லி நீட்டமாட்டோம். மற்றவற்றில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள்: நீலச் சட்டையா மஞ்சள் சட்டையா. ‘என்ன போட்டுக்கிறே?’ என்று திறந்த அலமாரி முன் நிறுத்துவது இரண்டு வயதுக்குக் கொடுமை.

தமிழில் பேசுவதா, ஆங்கிலத்திலா? ஏபிசிடி எப்போது?

வீட்டில் உங்களுக்கு எந்த மொழியில் கோபமும் கொஞ்சலும் தானாக வருகிறதோ அந்த மொழியில். இரண்டு வயதுப் பிள்ளை இலக்கணத்தை முழுசாக உறிஞ்சுகிறது. ‘கம், கம், ஈட் பண்ணு, வாட்டர் குடி’ என்று கொடுத்தால் அதைத்தான் உறிஞ்சும். இன்னொரு மொழி வேண்டுமென்றால், அதை இயல்பாகப் பேசும் ஒருவர் அதை மட்டும் பேசட்டும். பிள்ளை இரண்டையும் எடுத்துக்கொள்ளும்.

பெயர்களைத் துல்லியமாகச் சொல்லுங்கள். ‘பூ’ என்று எல்லாவற்றையும் சொல்லாமல் மல்லிகை, செவ்வந்தி, அரளி. அதற்கு மூன்று படி உண்டு, செகான் வழி வந்தது. ‘இது மல்லிகை.’ கொஞ்ச நேரம் கழித்து, ‘மல்லிகை எங்கே?’ பல நாள் கழித்து, ‘இது என்ன?’ மூன்றாவதுக்குத்தான் நம் வீடுகளில் அவசரம், அதுவும் விருந்தாளி முன்னால். இரண்டு வயதில் இரண்டாவது படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுத்து, ஏபிசிடியோ அ, ஆவோ, மூன்றுக்குப் பிறகு. உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி ஒலியைச் சொல்வார்கள். விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுதவைப்பதும் கிட்டத்தட்ட அதே தொடுகை. அன்றைக்கு ஒருநாள் சந்தோஷமாகச் செய்துவிட்டு அரிசியை உலையில் போடுங்கள். மறுநாளே நோட்டு வாங்காதீர்கள்.

கதை சொல்லலாமா? மாண்டிசோரியில் கற்பனைக் கதை கூடாதாமே?

நிஜ உலகம் முதலில் பிடிபடட்டும் என்பதற்காக, இந்த வயதில் தேவதைக் கதைகளை மாண்டிசோரி விரும்பவில்லை. எங்கள் அறைப் புத்தகங்களிலும் சட்டை போட்ட முயல் கிடையாது. இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பாட்டி சொல்லும் காக்கா நரிக் கதையில் காக்கா பேசுவதால் பிள்ளை குழம்பிப்போனதாக நான் பார்த்ததில்லை. அது கேட்பது பாட்டியின் குரலைத்தான். ஆனால் ‘பூச்சாண்டி பிடிச்சிட்டுப் போயிடுவான்’, ‘டாக்டர் ஊசி போட்டுடுவார்’ என்பதை விட்டுவிடுங்கள். பிள்ளை அதைக் கதை என்று எடுத்துக்கொள்வதில்லை, நம்புகிறது.

டிவி, செல்போன்?

இரண்டு வயதுவரை வேண்டாம். இரண்டிலிருந்து நாலுவரை ஒரு நாளைக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இது. தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசுவதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டு வயதாகியும் பேசவில்லை. மாண்டிசோரியில் சேர்த்தால் பேசிவிடுவானா?

முதலில் குழந்தை மருத்துவரிடம் போங்கள். காது கேட்கும் சோதனையும் சேர்த்து. இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்து ‘அம்மா வா’, ‘பால் குடு’ என்று வரவில்லை என்றால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், முன்பு பேசிய சொற்கள் மறைந்துபோனால், ‘எங்க வீட்ல எல்லாருமே லேட்டாத்தான் பேசுவோம்’ என்று காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வளர்ச்சித் தாமதத்தைப் பார்ப்பதற்கென்றே தனிப்பிரிவு உண்டு, காசு வாங்குவதில்லை. அதோடு சேர்த்து மாண்டிசோரி அறையும் உதவலாம். அதற்கு மாற்று ஆகாது.

போர்டில் மாண்டிசோரி என்று இருக்கிறது. நிஜமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போர்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. அமெரிக்காவில் 1967-லேயே இது பொதுச்சொல் என்று வணிகக்குறி விவகாரத்தில் முடிவாகிவிட்டது. நம் தெருவில் எல்கேஜி நடத்துகிறவர் நாளை காலை போர்டை மாற்றினாலும் கேட்பாரில்லை.

நேரில் போங்கள், வகுப்பு நடக்கும்போது. பள்ளி முடிந்தபின் வரச்சொன்னால் அதுவே பாதிப் பதில். ஓரமாக அரை மணிநேரம் உட்கார அனுமதி கேளுங்கள். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: பெரியவர்களின் குரல்தான் மேலே கேட்கிறதா? எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்கிறார்களா? ஒரு பிள்ளை சிந்தினால் யார் துடைக்கிறார்கள்? கை கழுவும் இடம் பிள்ளைக்கு எட்டுகிறதா, இல்லை ஆயா தூக்கிக் காட்டுகிறாரா? ஆயாம்மாவிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்றும் கவனியுங்கள். பிள்ளைகளிடமும் கொஞ்ச நாளில் அப்படித்தான் பேசுவார்கள். அலமாரிப் பொருள் பளபளவென்று தூசியில்லாமல், ஒரு கீறலும் இல்லாமல் இருந்தால் அது பெற்றோருக்காக வைத்தது.

பிறகு ஆசிரியையின் பயிற்சியைக் கேளுங்கள். ‘மாண்டிசோரி டிரெய்ன்ட்’ என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். எத்தனை மாதம், நேரடியா, எந்த வயதுக்கு? அம்மையாரும் மாரியோவும் 1929-இல் தொடங்கிய ஏஎம்ஐ என்ற அனைத்துலகச் சங்கம் பூஜ்யம் முதல் மூன்று, மூன்று முதல் ஆறு என்று தனித்தனிச் சான்றிதழ் கொடுக்கிறது. பெங்களூரு இந்தியன் மாண்டிசோரி சென்டர் போன்ற இடங்களும் முறையான பயிற்சி தருகின்றன. மூன்று முதல் ஆறுக்குப் படித்தவர் கைக்குழந்தைகளைப் பார்க்கக் கூடாது என்றில்லை. நானே அப்படித் தொடங்கியவள்தான். முதல் இரண்டு வருடம் செய்த தவறுகளை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இது பயன் தருகிறது என்பதற்கு ஆய்வு உண்டா?

உண்டு, ஆனால் வயதைப் பார்த்துப் படியுங்கள். அமெரிக்காவில் ஏஞ்சலின் லில்லார்ட் குழுவினர் 2006-இல் வெளியிட்டது மில்வாக்கி நகரில், சீட்டுக் குலுக்கலில் மாண்டிசோரிப் பள்ளியில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டது. ஐந்து வயதுப் பிள்ளைகளில் இடம் கிடைத்தவர்கள் படிப்பிலும் பிறரோடு பழகுவதிலும் முந்தியிருந்தார்கள். 2017-இல் வெளியான இன்னொரு ஆய்வில், அங்கேயே ஹார்ட்ஃபோர்ட் நகரில் 141 பிள்ளைகளை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். அங்கும் மாண்டிசோரிக்குச் சாதகம். இரண்டுமே மூன்று வயதுக்கு மேலே உள்ள வகுப்புகளைப் பற்றியவை. ஒன்றரை வயதில் சேர்த்தால் கணக்கில் புலியாவான் என்று யாராவது இந்த ஆய்வுகளைக் காட்டினால் நம்பாதீர்கள்.

கட்டணம் கட்ட முடியாது. என்ன செய்யலாம்?

அங்கன்வாடியை முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல் இருக்கின்றன, உங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கும். எல்லாம் ஒரே தரம் இல்லைதான். ஆனால் பிள்ளையைத் தானாகச் சாப்பிடவிட்டு, பாட்டுப் பாடி, பெயர் சொல்லிக் கூப்பிடும் பணியாளர் இருக்கும் மையம், ஏசி அறையில் இருபது பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ரைம்ஸ் ஓடவிடும் ‘மாண்டிசோரி’யைவிட எனக்கு உசத்தி. கடன் வாங்கி எங்களிடம் சேர்க்காதீர்கள், தயவுசெய்து.

பிறகு சாதாரணப் பள்ளிக்குப் போனால் திணறுமா?

ஒரு மாதம் திணறும். பிறகு பழகிவிடும். செருப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளை எங்கும் பிழைக்கும்.

முதல் வாரம் அழுதால்?

அம்மாவோ அப்பாவோ அறைக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள், செல்போன் இல்லாமல். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். திரும்பிப் பார்க்காத நேரத்தில் நைசாக நழுவுவது மட்டும் கூடாது. அப்புறம் அந்தப் பிள்ளை எந்த வேலையிலும் தலைகுனிந்து ஈடுபடாது, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். ‘அம்மா போயிட்டு, சாப்பிட்டதும் வருவேன்’ என்று சொல்லி, அழுதாலும் போங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள்.

நாளைக் காலையே வீட்டில் ஒன்று தொடங்க வேண்டும் என்றால்?

தண்ணீர் ஊற்றுவது. பிள்ளையின் கைக்கு அடங்கும் சின்ன எவர்சில்வர் குவளை, ஒரு டம்ளர், ஒரு தாம்பாளம், பக்கத்தில் கைக்குட்டை அளவு துணி. குவளையில் அரை டம்ளர் தண்ணீர் மட்டும். சிந்தினாலும் அவ்வளவுதான் சிந்தும். தரையில் எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். எதிரே இருந்தால் உங்கள் கை அதற்குத் தலைகீழாகத் தெரியும். ஒருமுறை, மெதுவாக, பேசாமல் ஊற்றிக் காட்டுங்கள். கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருங்கள். குவளையை அதன் பக்கம் நகர்த்துங்கள். சிந்தும். நீங்கள் துணியை எடுக்காதீர்கள், ஒருமுறை தொட்டுக்காட்டுங்கள் போதும். பத்துமுறை ஊற்றினால் பத்துமுறையும் ஊற்றட்டும். அலுவலகத்துக்கு நேரமாகிற நாளில் இதை எடுக்காதீர்கள். முடிந்ததும் ஈரத்துணியை அவனே காயப்போடட்டும். கொடி எட்டாது, நாற்காலி முதுகு போதும்.